வரிக்கும் ஓர் உச்சவரம்பு
காவிரிக் கரைக் கஜானா – அத்தியாயம் 14

திருவையாற்றில் ரயில் நிலையம் கிடையாது. தியாகராஜர் ஆராதனைக்கு வெளியூரிலிருந்து வருகிற பாகவதரானாலும் ரசிகரானாலும் தஞ்சாவூர் ஜங்ஷனில் இறங்கி, பஸ் பிடித்து, வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று பாலம் பாலமாகத் தாண்டித்தான் காவிரிக் கரைக்கு வந்து சேரவேண்டும். ஆனால் இந்த ஊரை உள்ளடக்கிய தஞ்சை ஜில்லாவின் மிராசுதார்கள் தங்கள் நிலத்தீர்வையோடு சேர்த்து ஒரு ரயில் வரியும் கட்டியிருக்கிறார்கள். விதித்தது வெள்ளைக்கார ரயில் கம்பெனி அல்ல, லண்டன் கஜானாவும் அல்ல. தஞ்சாவூர் ஜில்லா போர்டு.

1884ஆம் ஆண்டின் சென்னை உள்ளூர் போர்டுகள் சட்டம் தந்த அதிகாரம் அது. தீர்வையில் ரூபாய்க்கு மூன்று பை. பழைய நாணயக் கணக்கு தெரியாத இளையவர்களுக்காக: ஒரு ரூபாய்க்கு பதினாறு அணா, ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு பை, ஆக ரூபாய்க்கு 192 பை. மூன்று பை என்றால் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. 64 ரூபாய் தீர்வை கட்டுகிறவர் மேற்கொண்டு ஒரு ரூபாய் ரயிலுக்காகக் கட்டினார். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் தஞ்சை ஜில்லாவின் நிலத்தீர்வை மாகாணத்திலேயே பெருந்தொகை. அந்த அறுபத்து நான்கில் ஒன்று ஆண்டுக்காண்டு சேர்ந்து மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 54 மைல் இருப்புப்பாதையாக நீண்டது. 1894இல் ரயில் ஓடியது. அடுத்த பத்தாண்டுக்குள் பட்டுக்கோட்டை தாண்டி அறந்தாங்கி வரை போயிற்று. வண்டியை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. பாதை போர்டுக்குச் சொந்தம். ஓர் உள்ளாட்சி அமைப்பு சொந்தமாக ரயில் பாதை வைத்திருந்தது இந்திய ரயில் வரலாற்றில் அபூர்வமான சங்கதி.

கீழ்த்தஞ்சையின் நெல் அந்த ரயிலில் ஏறியது. மேல்தஞ்சையில், ஐயாற்றங்கரையில், ரயிலின் சத்தம்கூடக் கேட்கவில்லை. அந்தக் குறையை இன்னோர் அத்தியாயத்துக்கு வைத்துக்கொள்வோம். இப்போது நமக்கு வேண்டியது வேறு: உள்ளூரில் வரி போட்டு, உள்ளூருக்கு வேண்டியதை உள்ளூரே செய்துகொள்ளலாம் என்ற அந்த நினைப்பு எப்படி வந்தது, அதற்கு யார் யார் எந்தெந்தக் காலத்தில் வேலி கட்டினார்கள், வேலிக்கு உள்ளே நின்றவர்கள் என்ன முனகினார்கள் என்பதுதான்.

வேலி ஆரம்பத்திலிருந்தே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1871இன் உள்ளூர் நிதிச் சட்டமே நிலத்தின் மீதான உள்ளூர் வரிக்கு ரூபாய்க்கு ஓரணா என்று வரம்பு போட்டிருந்தது. அதே சட்டத்தில் பள்ளிக்கூடங்களுக்காக வந்த வீட்டு வரிக்கு கிராமங்களில் கிளம்பிய எதிர்ப்பைப் பார்த்து அரசு பின்வாங்கியது. வரி என்றால் ஜனங்களுக்கு எந்தக் காலத்திலும் கசப்பு. ஆனால் அந்த வரம்புகள் சாதாரணச் சட்டத்தில் இருந்தவை. சென்னைக் கோட்டையில் இன்னொரு சட்டம் போட்டால் மாறிவிடும். 1884இல் ரயில் வரிக்கு வழி பிறந்ததே அப்படித்தான். வரம்பைத் தூக்கி அரசமைப்பிலேயே வைத்துவிட்டால் கதை வேறு. அந்தக் கதைக்கு வருமுன் திருவையாற்றிலேயே நடந்த ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

மராட்டிய மன்னர்கள் விட்டுச்சென்ற சத்திரங்களும் அவற்றின் சொத்துகளும் ஜில்லா போர்டின் நிர்வாகத்தில் இருந்தன. அந்த வருமானத்தில் நடந்ததுதான் திருவையாற்றின் சமஸ்கிருதக் கல்லூரி. 1920களின் நடுவில் ஜில்லா போர்டுத் தலைவராக ஏ.டி. பன்னீர்செல்வம் வந்தார். நீதிக்கட்சிக்காரர், பாரிஸ்டர். இந்தப் பணம் சமஸ்கிருதத்துக்கு மட்டுமே செலவாகவேண்டும், தமிழுக்குச் செலவிட அறக்கட்டளை இடம் தராது என்று ஒரு வாதம் நீண்ட நாளாக நிலவி வந்தது. பன்னீர்செல்வம் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. மூல ஏற்பாட்டில் உண்மையில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கச் செய்தார். முடிவில் அந்தக் கல்லூரியில் தமிழ் வித்துவான் படிப்புக்கும் இடம் கிடைத்தது. அரசர் கல்லூரி என்ற பெயரில் இன்றும் அது நடக்கிறது. அங்கே தமிழ் படித்து வெளியே வந்த புலவர்களைக் கணக்கெடுத்தால் தமிழ்நாட்டின் பாதிப் பள்ளிக்கூடங்களைச் சுற்றிவர வேண்டியிருக்கும்.

அது வரிக்கு வரம்பு பற்றிய சண்டை அல்ல, செலவுக்கு வரம்பு பற்றிய சண்டை. ஒரு ஜில்லா போர்டுத் தலைவர் ‘சட்டம் இடம் தராது’ என்ற பேச்சைக் கேட்டதும் எழுந்து போய்விடாமல், எந்தச் சட்டம், அதில் எந்த வாசகம், காட்டுங்கள் என்று உட்கார்ந்தார். அந்தக் காலத்து உள்ளாட்சித் தலைவர்களுக்கு அப்படி ஒரு மிடுக்கு இருந்தது. போர்டுக்குச் சொந்த வருமானம் இருந்தது, அதனால் மிடுக்கும் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

பன்னீர்செல்வத்தின் முடிவு துயரமானது. இந்திய விவகார அமைச்சரின் ஆலோசகராக நியமிக்கப்பட்டு லண்டனுக்குப் புறப்பட்டவர், 1940 மார்ச் 1 அன்று ஓமான் வளைகுடாப் பகுதியில் காணாமற்போன ‘ஹானிபால்’ விமானத்தில் இருந்தார். அவர் போய்ச் சேராத அந்த லண்டனில், அதே 1940இல், உள்ளாட்சிகளின் கையைக் கட்டும் ஒரு சிறிய விதி சட்டமானது.

அதன் பின்னணி சுவாரசியமானது. 1939இல் ஐக்கிய மாகாணத்தில், அதாவது இன்றைய உத்தரப் பிரதேசத்தில், கோவிந்த் வல்லப பந்த் தலைமையிலான காங்கிரஸ் அரசு ஆட்சியில் இருந்தது. உத்தியோகத்தின் மீது வரி என்ற பெயரில், பெரிய சம்பளக்காரர்களிடம் படிப்படியாக உயரும் வீதத்தில் வசூலிக்க அது ஒரு சட்டம் கொண்டுவந்தது. பெரிய சம்பளக்காரர்கள் யார்? ஐ.சி.எஸ். துரைமார்கள்தான். வருமான வரி மத்திய அரசுக்கு உரியது. மாகாணம் அதைத் தொட முடியாது. ஆனால் ‘தொழில், வியாபாரம், உத்தியோகம்’ ஆகியவற்றின் மீதான வரி மாகாணப் பட்டியலில் இருந்தது. அந்தக் கதவு வழியாகத்தான் பந்த் அரசு நுழையப் பார்த்தது. லண்டன் கதவைச் சாத்தியது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் 142-ஏ என்று புதிய பிரிவு நுழைந்தது. தொழில் வரி எதுவானாலும், மாகாணம் போட்டாலும் முனிசிபாலிட்டி போட்டாலும், ஒருவரிடம் ஆண்டுக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது. ஏற்கெனவே அதைவிட அதிகமாக வாங்கிவந்த இடங்களுக்கு மட்டும் ஒரு விலக்கு.

துரைமார்களின் சம்பளத்தைக் காப்பாற்றுவதற்காகப் போட்ட தாழ்ப்பாள், ஒரு குற்றமும் செய்யாத முனிசிபாலிட்டிகளின் கதவிலும் விழுந்தது. தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், நாகப்பட்டினம், மன்னார்குடி ஆகிய ஐந்தும் 1866இலேயே முனிசிபாலிட்டிகள் ஆனவை. தொழில் வரி அவற்றின் பழைய வருமானங்களில் ஒன்று.

வெள்ளைக்காரன் போனான். தாழ்ப்பாள் போயிற்றா? இல்லை. அரசமைப்பு நிர்ணய சபை அதை வாங்கி வைத்துக்கொண்டது. ஐம்பது ரூபாய் என்றிருந்ததை இருநூற்றைம்பது ஆக்கினார்கள். அதுதான் 276ஆம் பிரிவு. நியாயமும் சொல்லப்பட்டது: சம்பளத்தின் மீது வருமான வரி ஒருபுறம், தொழில் வரி மறுபுறம் என்று இரட்டை வரி ஆகிவிடக் கூடாது, பெயரை மாற்றி வருமான வரி வசூலிக்க உள்ளூர் அமைப்புகளை விடக் கூடாது. அந்தச் சபையில் உள்ளாட்சிகளின் வருமானத்துக்காக விடாமல் குரல் கொடுத்தவர்களும் இருந்தார்கள். கராச்சி நகராட்சியில் பழகி வந்த ஆர்.கே. சித்வாவின் பெயர் அதில் முதலில் வரும். ஆனாலும் தொகை அரசமைப்பிலேயே எண்ணாக எழுதப்பட்டுவிட்டது. என் பார்வையில் தவறு இங்கேதான். வரம்பு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளலாம். அதை ரூபாயில் எழுதி, மாற்றுவதற்கு அரசமைப்புத் திருத்தம் வேண்டும் என்று வைத்ததை எப்படி ஒப்புக்கொள்வது? விலைவாசி அரசமைப்பைப் படித்துவிட்டா ஏறுகிறது?

தஞ்சாவூர்க்காரர்களுக்குப் புரிகிற கணக்கில், அதாவது பவுன் கணக்கில் பார்க்கலாம். அரசமைப்பு அமலுக்கு வந்த 1950இல் 250 ரூபாய்க்கு ஏறக்குறைய மூன்று பவுன் தங்கம் கிடைக்கும். தொகை அப்படியே நின்றது. முப்பத்தெட்டு ஆண்டு கழித்து, 1988 டிசம்பரில், அறுபதாவது திருத்தம் அதை 2,500 ஆக உயர்த்தியது. பத்து மடங்கு என்று காதுக்கு இனிமையாக இருந்தது. அன்றைய விலையில் அது ஒரே ஒரு பவுன். அதன் பிறகு எந்தத் திருத்தமும் வரவில்லை. இன்று 2,500 ரூபாயை எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் நகைக்கடைக்குப் போனால் அரை கிராம் கூடத் தேறாது.

இந்த வரம்பு தமிழ்நாட்டு உள்ளாட்சிகளுக்கு மற்ற மாநிலங்களைவிட அதிகமாக உறைக்கிறது. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் மேற்கு வங்கத்திலும் தொழில் வரியை மாநில அரசே வசூலித்துக்கொள்கிறது. இங்கே, இடையில் 1992இல் ஒரு மாநிலச் சட்டம் வந்துபோன பிறகு, 1998 முதல் அது மறுபடியும் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிகளின் கைக்கே வந்தது. அரையாண்டுக்கு ஒருமுறை, வருமானப் படிக்கட்டின்படி. அதனால் 276ஆம் பிரிவு டெல்லி விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாதது. திருவையாற்றுப் பள்ளி ஆசிரியரின் சம்பளப் பட்டியலில் பிடித்தமாக வருகிற விவகாரம்.

அந்தப் படிக்கட்டைக் கொஞ்சம் ஏறிப் பார்த்தால்தான் வரம்பு யாரைக் காக்கிறது என்பது தெரியும். சென்னை மாநகராட்சி 2024இல் தொழில் வரியைத் திருத்தியது. ஆறு மாத வருமானம் 21,000க்கு மேல் 30,000 வரை உள்ளவர்களுக்கு 135 ரூபாய் 180 ஆயிற்று. 45,000க்கு மேல் 60,000 வரை உள்ளவர்களுக்கு 690 ரூபாய் 930 ஆயிற்று. 75,000க்கு மேல் வாங்குகிறவர்களுக்கு? அதே 1,250. ஏற்றவில்லை, ஏற்ற முடியாது. இரண்டு அரையாண்டும் சேர்ந்தால் 2,500 ஆகிவிடுகிறது, அரசமைப்பு குறுக்கே நிற்கிறது. மாதம் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுக்குக் கொஞ்சம் மேலே சம்பளம் வாங்கும் ஜவுளிக்கடை கணக்கரும், மாதம் மூன்று லட்சம் வாங்கும் கம்பெனி மேலாளரும் ஒரே வரி. வரியை உயர்த்தியாக வேண்டிய நெருக்கடியில் இருக்கும் எந்த உள்ளாட்சிக்கும் கீழ்ப்படியில் இருப்பவரிடம் போவதைத் தவிர வேறு வழி விடப்படவில்லை. ஏழையைக் காக்கப் போட்ட வரம்பு என்று யாராவது சொன்னால் இந்த எண்களைக் காட்டலாம்.

நிதிக்குழுக்களின் முன்னால் மாநிலங்களும் உள்ளாட்சிகளும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. குழுக்களும் காது கொடுத்திருக்கின்றன. ஒய்.வி. ரெட்டி தலைமையிலான பதினான்காவது நிதிக்குழு வரம்பை 2,500இலிருந்து 12,000 ஆக்கச் சொன்னது. அத்தோடு, ஒவ்வொரு தடவையும் அரசமைப்பைத் திருத்திக்கொண்டிராமல், வரம்பை நிர்ணயிக்கும் பொறுப்பை நாடாளுமன்றத்திடம் கொடுத்துவிடலாம் என்றது. என்.கே. சிங் தலைமையிலான பதினைந்தாவது குழு 18,000 என்றது. அறிக்கைகள் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டன. வரம்பு 2,500இலேயே இருக்கிறது. சம்பளக்காரர்களின் கோபத்தைச் சம்பாதித்து, கிடைக்கிற பணத்தை உள்ளாட்சிக்குக் கொடுப்பதில் டெல்லிக்கு என்ன லாபம்? இந்தக் கேள்விக்கு எந்த அறிக்கையிலும் பதில் இல்லை.

தொழில் வரி ஒரு வேலி. இன்னொன்று நீதிமன்றத்திலிருந்து வந்தது. அது தெற்கே, திருநெல்வேலிச் சீமையில் ஆரம்பித்தாலும் டெல்டாவின் தீர்வைக் கணக்கோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

1958ஆம் ஆண்டு சென்னை ஊராட்சிகள் சட்டத்தின் 115ஆம் பிரிவு நிலத்தீர்வையில் ரூபாய்க்கு 45 பைசா உள்ளூர் வரி போட்டது. பழைய மூன்று பைக்கும் ஓரணாவுக்கும் இது வாரிசு. ஐயாற்றங்கரை நஞ்சைக்காரர் தம் தீர்வைக்கு மேல் இதைக் கட்டினார். அரசாங்க நிலத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற சிமெண்ட் கம்பெனி என்ன கட்டியது? கம்பெனி தீர்வை கட்டவில்லை, வெட்டி எடுத்த கல்லுக்கு ராயல்டி கட்டியது. 1964இல் ஒரு திருத்தம் வந்து, தீர்வை என்றால் ராயல்டியும் அதில் அடக்கம் என்று முன்தேதியிட்டுச் சொல்லியது. நெல்லுக்கு 45 பைசா என்றால் சுண்ணாம்புக்கல்லுக்கும் 45 பைசா. விவசாயிக்கு ஒரு நீதி, கம்பெனிக்கு ஒரு நீதி இல்லை என்பதுதான் அதன் நியாயம்.

இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனி வழக்குப் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள் அமர்வு வரை போய், 1989 அக்டோபர் 25 அன்று தீர்ப்பானது. ராயல்டியின் மேல் வரி போட மாநிலச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. கனிமங்களை முறைப்படுத்தும் பொறுப்பை நாடாளுமன்றம் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகவே 115ஆம் பிரிவின் அந்தப் பகுதி செல்லாது. ஏற்கெனவே வசூலித்ததைத் திருப்பித் தரவேண்டாம் என்பது ஒரு சின்ன ஆறுதல். விளைவு: நெல் விளைகிற நிலத்துக்கு உள்ளூர் வரி உண்டு, மலையை வெட்டுகிற நிலத்துக்கு ராயல்டிக் கணக்கில் இல்லை. எந்த ஊராட்சியின் சாலையில் லாரி ஓடி குழி விழுகிறதோ அந்த ஊராட்சி கேட்க முடியாது.

அந்தத் தீர்ப்பில் ‘ராயல்டி என்பது வரி’ என்று ஒரு வாக்கியம் இருந்தது. அதன் மேல் நாடு முழுக்க எத்தனையோ மாநிலங்களின் கனிம வரிகள் சரிந்தன. 2004இல் மேற்கு வங்கத்தின் கேசோராம் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது: அந்த வாக்கியத்தில் அச்சுப்பிழை நேர்ந்திருக்கிறது, ராயல்டியின் மேல் விதிக்கப்படும் செஸ் என்கிற மேல்வரிதான் வரி என்று இருந்திருக்க வேண்டும். ஐந்து பேர் ஏழு பேரைத் திருத்த முடியுமா என்ற கேள்வி எழுந்து, கடைசியில் ஒன்பது பேரிடம் போயிற்று. 2024 ஜூலை 25 அன்று, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் 1989 தீர்ப்பு கவிழ்ந்தது. ராயல்டி வரி அல்ல. கனிம நிலத்தின் மீது வரி போட மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு. நீதிபதி நாகரத்னா மட்டும் மாறுபட்டார். ஆகஸ்டு 14இல் இன்னோர் உத்தரவு: 2005 ஏப்ரல் முதலான பாக்கியை மாநிலங்கள் கேட்கலாம், ஆனால் கம்பெனிகள் அதை 2026 ஏப்ரலிலிருந்து பன்னிரண்டு ஆண்டுத் தவணையில் கட்டினால் போதும்.

இங்கே ஒரு வேடிக்கை. வழக்கு ஊராட்சி வரியின் பெயரில் ஆரம்பித்தது. 1989 தீர்ப்புக்கு முப்பத்தைந்து ஆண்டு கழித்துக் கதவு திறந்தபோது உள்ளே போனது மாநில அரசு. தமிழ்நாடு சட்டமன்றம் 2024 முடிவதற்குள் கனிம நில வரிச் சட்டத்தை நிறைவேற்றியது. விதிப்பது மாநில அரசு. டெல்லி மாநிலத்தின் கையைக் கட்டுகிறது என்று குரல் கொடுக்கும் சென்னை, தன் கையில் கட்டு அவிழ்ந்ததும் ஊராட்சியின் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. இது எந்தக் கட்சி ஆண்டாலும் நடப்பது.

மூன்றாவது வேலியைச் சுருக்கமாகச் சொல்லலாம். அரசமைப்பின் 285ஆம் பிரிவின்படி மத்திய அரசின் சொத்துக்கு மாநிலமோ உள்ளாட்சியோ வரி போட முடியாது. தபாலாபீஸ் கட்டடத்துக்குச் சொத்து வரி இல்லை. ரயில்வேக்கு அதன் சொந்தச் சட்டத்திலும் விலக்கு இருக்கிறது. தண்ணீர், குப்பை, விளக்கு ஆகிய சேவைகளுக்குக் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம் என்பதற்கே ராஜ்கோட் மாநகராட்சி உச்ச நீதிமன்றம் வரை போய் 2009இல்தான் ஒரு வழி கிடைத்தது. இப்போது மாயவரம்–அறந்தாங்கிப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். அகலப்பாதையாகி தெற்கு ரயில்வேயின் வண்டி ஓடுகிற அந்தத் தடத்தை முதலில் போட்டது தஞ்சை ஜில்லாவின் மூன்று பை. அதே தடத்தின் ஓரத்தில் இருக்கிற நகராட்சிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் அந்த நிலத்தின் மேல் ஒரு பைசா வரி விதிக்க உரிமை இல்லை.

வரிகள் கைமாறிய கதையில் கடைசியாக 2016இன் 101ஆவது திருத்தத்தையும் சேர்க்கவேண்டும். ஜி.எஸ்.டி.க்காக விளம்பர வரி மாநிலப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. அது உள்ளாட்சிகளின் வருமானமாக இருந்தது. கேளிக்கை வரி மட்டும் உள்ளாட்சி விதிக்கிற அளவுக்கு என்று விட்டுவைக்கப்பட்டது. தமிழ்நாடு அதற்கும் 2017இல் சட்டம் போட்டு, ஜி.எஸ்.டி.யோடு முப்பது சதவீதம் என்று ஆரம்பித்தது. ஜூலை முதல் வாரத்தில் தியேட்டர்கள் மூடப்பட்டன. பிறகு வீதம் குறைந்தது. உள்ளாட்சியின் பெயரில் வந்த அந்தச் சட்டத்துக்காகத் தெருவில் நின்று பேசிய உள்ளாட்சித் தலைவர் ஒருவர்கூடக் கிடையாது. இருந்திருக்கவும் முடியாது; 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

வெளிநாட்டில் இந்தச் சண்டை வேறு முகத்தோடு நடக்கிறது. கலிபோர்னியாவில் 1978 ஜூனில் மக்களே வாக்களித்து, சொத்து வரி சொத்து மதிப்பில் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது, மதிப்பு ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று மாநில அரசமைப்பில் எழுதினார்கள். ப்ரொபோசிஷன் 13 என்று பேர். நகராட்சிகளும் பள்ளி நிர்வாகங்களும் எதிர்த்தன, தோற்றன. கொலராடோவில் 1992இல் டேபர் என்ற திருத்தம் இன்னும் கடுமையாக வந்தது. எந்தப் புதிய வரிக்கும் வாக்காளர் ஒப்புதல் வேண்டும். வருமானம் விலைவாசியும் வளர்ச்சியும் அனுமதிக்கிற அளவைத் தாண்டினால் திருப்பிக் கொடுக்க வேண்டும். அங்கேயும் எதிர்த்தவர்கள் உள்ளூர் நிர்வாகங்கள். ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே வரம்பு போட்டது வரி கட்டுகிறவர். உள்ளாட்சி தன் வாக்காளரோடு சண்டை போடுகிறது. தோற்றாலும் ஜெயித்தாலும் சண்டை ஊருக்குள்ளே. இங்கே ஐம்பது ரூபாயை எழுதியது லண்டன், இருநூற்றைம்பதையும் இரண்டாயிரத்து ஐந்நூறையும் எழுதியது டெல்லி. திருவையாற்றில் யாரையும் யாரும் கேட்டதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு உள்ளாட்சிகளையும் ஒரு கேள்வி கேட்டாகவேண்டும். வரம்புக்கு உட்பட்ட வரியையாவது ஒழுங்காக விதித்தார்களா? இல்லை என்பதே பதில். சொத்து வரிக்கு அரசமைப்பில் எந்த எண்ணும் எழுதப்படவில்லை. ஆனாலும் ஆண்டுக்கணக்கில் அது தொடப்படாமல் கிடந்தது. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் சொத்து வரி 25 முதல் 150 சதவீதம் வரை ஏறியது. அதுவும் நகர மன்றங்கள் தாமாக முன்வந்து செய்தது அல்ல. மானியம் வேண்டுமானால் சொத்து வரியை மாநில வளர்ச்சிக்கு ஏற்ப உயர்த்து என்று பதினைந்தாவது நிதிக்குழு நிபந்தனை போட்டதை அரசு காரணமாகக் காட்டியது. வார்டு உறுப்பினருக்குத் தெருவில் எதிர்ப்படுகிறவர் வீட்டுக்காரர். அவர் மேல் வரி ஏற்றினால் அடுத்த தேர்தலில் பதில் சொல்ல வேண்டும். தொழில் வரி அப்படியல்ல. அது சம்பளப் பட்டியலிலேயே பிடிக்கப்பட்டு வருகிறது, கட்டுகிறவர்களில் பலர் வேறு ஊரில் ஓட்டுள்ளவர்கள். தொழில் வரி வரம்பை எதிர்க்கிற உள்ளாட்சி, சொத்து வரியில் தனக்கிருக்கும் சுதந்திரத்தைப் பயன்படுத்தத் தயங்குகிறது. அதன் வாதம் சரியானதுதான். அதன் கை அவ்வளவு சுத்தமானதல்ல.

திருவையாறு நெடுங்காலம் பேரூராட்சியாகவே இருந்தது. ஊரின் பெருங்கட்டடங்களை எண்ணிப் பாருங்கள். ஐயாறப்பர் கோயில் வழிபாட்டிடம், சொத்து வரி இல்லை. தபாலாபீஸ் மத்திய அரசு. கல்லூரியும் இசைக் கல்லூரியும் கல்வி நிலையங்கள். வரி கட்டுகிறவை வீடுகளும் கடைத்தெருவும்தான். ஊர்ப் புகழுக்கும் பேரூராட்சிக் கஜானாவுக்கும் சம்பந்தமே இல்லாத ஊர் இது. ஆராதனை ஐந்து நாளும் வருகிற கூட்டத்துக்குத் தண்ணீர் விடுவதும் குப்பை அள்ளுவதும் அந்தக் கஜானாதான். 2025 தொடக்கத்தில் சுற்று ஊராட்சிகளையும் சேர்த்து இதை நகராட்சியாக்கும் அறிவிப்பு வந்தது. இந்த மாதிரி அறிவிப்பு வருகிற இடமெல்லாம் கிராமத்து ஜனங்கள் கேட்கிற கேள்விகள் இரண்டு: நூறு நாள் வேலை போய்விடுமா, வீட்டு வரி எவ்வளவு ஏறும்.

இரண்டாவது கேள்விக்கு உரிய பதிலை 1884 முதல் 1998 வரையிலான வீட்டு வரிச் சட்டங்களில் தேடவேண்டும். ஓட்டு வீட்டுக்கும் கூரை வீட்டுக்கும் வேறு வேறு வரி போட்ட காலம், மதிப்பை உயர்த்த வந்த பில் கலெக்டரைத் தெரு வாசலிலேயே நிறுத்திய காலம் எல்லாம் அதில் இருக்கிறது. அடுத்த இதழில் அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

(தொடரும்)